ஆற்றுக்கு அங்கால வளர்ந்த ஆட்கள் இருந்தால் வந்து கொஞ்சம் கதையுங்கள்

படுவான்கரையான்

நான் படுவான்கரை, அதாவது மட்டக்களப்பு வாவிக்கு மேற்குக் கரை. வாவிக்கு மேலால் போகிற மண்முனைப் பாலத்தை 2014இல் திறந்தார்கள். ஜப்பான் உதவியில் கட்டின பாலம். அதற்கு முந்தி நாங்கள் மட்டக்களப்பு டவுனுக்குப் போவதென்றால் பாதையில் ஏறி ஆற்றைக் கடக்க வேண்டும், பாதை ஓடாத நாளில் வவுணதீவுப் பக்கத்தால் சுற்றி வலையிறவுக்கு வர வேண்டும். வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன், பாதை என்றால் இங்கே றோட்டு இல்லை, ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டையான மிதவை. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம்.

என்னுடைய சின்ன வயதில் பாதி அந்தப் பாதையடியில்தான் போனது. சைக்கிள், நெல்மூட்டை, காலைக் கட்டின ஆடு, தயிர்ச்சட்டி அடுக்கின பெட்டி, கலியாண வீட்டுக்குப் போகிற பெண்கள், ஆசுபத்திரியிலிருந்து திரும்புகிற கிழவர், எல்லாம் ஒரே தளத்தில். பெத்தாவோடு, பாட்டியைத்தான் சொல்கிறேன், போனால் ஏறினதும் பக்கத்தில் நிற்கிற பொடியனைப் பிடித்துக்கொள்ளுவார். "நீ ஆர்ர மகன் மனே?" அவன் தகப்பன் பெயரைச் சொன்னால் பெத்தாவுக்குப் போதாது. தாய் யார், தாயின் குடி, அதாவது தாய்வழிக் குலம், என்ன, அவளுடைய தமையன் எந்தக் கோயிலில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கராக இருந்தவன் என்று தோண்டிக்கொண்டே போய், அந்தக் கரை வருவதற்குள் அவன் எனக்கு மச்சான் முறை என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். நடு ஆற்றில் எனக்குக் கிடைத்த மச்சான்மார் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒருவனோடு இன்றைக்கும் சிநேகிதம்.

பாதை அந்தக் கரையில் நிற்கிற நேரம் எங்களுக்குத் துறையடியில்தான் விளையாட்டு. கிண்ணை மரத்தில் ஏறிக் காய் பறிப்போம், புளித்துத் தள்ளும், உப்பு இருந்தால் இன்னும் நல்லது. வேரடியில் நண்டு தேடுவோம். அத்தாங்கு என்கிற கைவலை வைத்திருக்கிறவன்தான் அன்றைக்கு ராசா, ஏனென்றால் இறால் அவனுக்குத்தான்.

பாலம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இப்போது மோட்டார் சைக்கிளில் ஒரு முறுக்கு முறுக்கினால் அங்கால போய்விடலாம், பக்கத்தில் போகிறவன் யார் என்று யாருக்கும் தெரியாது. என் பிள்ளைகளுக்கு ஊர் என்றால் லீவுக்குப் போய்ப் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிற இடம். எங்களுக்குக் கிடைத்தது அதுகளுக்குக் கிடைக்கவில்லை என்று எனக்குச் சரியான கவலை. உங்களுக்கெல்லாம் எப்படி?


எழுவான்கரை வாத்தியார்

படுவான்கரை ஆட்கள் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் களுதாவளைப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவில், றோட்டு, பஸ், கடை எல்லாம் இருந்தது. இருந்தாலும் எங்கள் வீட்டில் அரிசி, பால், தயிர், காட்டுத்தேன், சோளன், எல்லாம் ஆற்றுக்கு அங்காலதான் வரும். எனவே "அங்கால" என்றாலே எங்களுக்குச் சாப்பாடு. கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயில் தேருக்குப் போனால் சொந்தக்காரர் வீட்டில் தயிர் ஊற்றுவார்கள் பாருங்கள், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர், அதற்குச் சீனியும் போட்டு வாழைப்பழமும் பிசைந்து... தேர் இழுத்ததை விட அதுதான் ஞாபகம். சாமி மன்னிக்கட்டும்.

பாதை என்றதும் ஒரு விசயம். மண்முனை மட்டும் இல்லை, அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் நடுவிலும் பாதை உண்டு, மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் நடுவிலும் உண்டு. மண்டூர் முருகன் கோயிலுக்கு ஆவணியில் போகிறவர்கள் அதில் முண்டியடித்து ஏறுவது தனிக் கதை. அங்கே பூசாரியான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வதைப் பார்த்து நான் அம்மாவிடம் "அவருக்குப் பல்லுவலியா?" என்று கேட்டு வாங்கிய அடி இன்னும் மறக்கவில்லை.


சம்மாந்துறைக் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். எங்களுக்கு ஆறு இல்லை, வட்டை. எங்கே பார்த்தாலும் வயல். தண்ணீர் இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் என்கிற பெரிய குளத்திலிருந்து வாய்க்காலால் வரும். அந்தக் குளத்தைக் கட்டின கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கினது, மூத்தப்பா, அதாவது பாட்டனார், அதற்கு முந்தியே விதைத்த ஆள், "வாய்க்கால் தண்ணிக்கு வட்டைவிதானையிட்ட கெஞ்சோணும், மழைக்கு அல்லாட்ட மட்டும் கேட்டாப் போதும்" என்று சொல்லுவார். வட்டைவிதானை என்றால் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர்.

கதிரில் பால் பிடிக்கிற நேரம் வந்தால் எங்களுக்குப் பள்ளிக்கூடம் அவ்வளவுதான். குருவி விரட்ட வேண்டும். விடிய முந்தி மூத்தப்பா சைக்கிள் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு வயலில் இருக்கிற காவல் குடிலான வாடிக்குப் போவார். வயலின் நாலு பக்கமும் கம்பு நட்டு, கம்பிலே பழைய மீன்டின்னும் தகரத் துண்டும் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டி, கயிற்றின் தலைப்பு வாடிக்குள் என் கையில். இழுத்தால் வயல் முழுக்கக் கடகடவென்று சத்தம். குருவிக் கூட்டம் எழும்பிப் போய்ப் பக்கத்து வயலில் இறங்கும். அங்கே இருக்கிற பொடியன் தன் கயிற்றை இழுப்பான், திரும்ப எங்களிடம் வரும். நாள் முழுக்க இதே வேலை. யாருடைய வயலில் கடைசியாக நிற்கிறதோ அவனுக்குப் பின்னேரம் ஏச்சு. நான் கயிற்றைக் கால் பெருவிரலில் கட்டிவிட்டு நித்திரை கொண்டுவிடுவேன், காலை ஆட்டினால் போதும் என்று. குருவிக்கு அது விளங்க அரை நாள் கூட எடுக்கவில்லை.

இரவில் காவல் வேறு மாதிரி. பன்றி வரும், காட்டோரத்து வட்டை என்றால் யானையும் வரும். பெரியவர்கள் நித்திரை கொள்ளாமல் இருக்கக் கவி பாடுவார்கள். ஒரு வாடியிலிருந்து ஒருவர் இழுத்து ஒரு கவி எடுப்பார், இருட்டுக்குள் எங்கேயோ இருந்து இன்னொருவர் அதற்குப் பதில் கவி கொடுப்பார். ஆளைத் தெரியாது, குரலை வைத்துத்தான் "அது இன்னாருடைய மகன்" என்று மூத்தப்பா சொல்லுவார். பக்கத்து வரம்பு தமிழ் ஆட்களுடையது. அவர்களும் பாடுவார்கள், எங்கள் ஆட்கள் பதில் கொடுப்பார்கள். காதல் கவி, நக்கல் கவி, மாமியைத் திட்டுகிற கவி, எல்லாம் இருக்கும். 90ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு அந்தப் பக்கம் இரவில் தங்குகிற வழக்கமே நின்றுவிட்டது, இரண்டு பக்கத்துக்கும்.

வெட்டி முடிந்து, கதிர்க்கட்டைக் குவித்துச் சூடு வைத்து, மிதித்து, பொலி தூற்றி, முதல் நெல் வீட்டுக்கு வந்தால் புதிர்ச்சோறு. உம்மா தேங்காய்ப்பால் விட்டு ஆக்குவா. பெரிய சஹன் தட்டில் போட்டு ஆறு பேர் சுற்றி இருந்து சாப்பிடுவோம். என் பங்கில் காக்கா, எங்களுக்கு அண்ணன் என்றால் காக்கா, கை வைப்பார், நான் தம்பியின் பங்கில் கை வைப்பேன்.


படுவான்கரையான்

காக்கா, கால் பெருவிரல் கதை பிரமாதம். எங்கள் பக்கம் குருவிக்குக் கவண். கல் போட்டுச் சுழற்றி விடுகிறது. குருவிக்குப் பட்டதை விட மற்றவன் வாடிக் கூரைக்குப் பட்டதுதான் கூட.


பாவற்கொடி

நான் மகிழடித்தீவுப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். இழை தொடங்கினவர் எனக்கு அண்ணன் முறையாகவும் இருக்கலாம், அவருடைய பெத்தா என்னையும் பாதையில் விசாரித்திருப்பா. வாசிக்க வாசிக்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

பாதை இரவில் ஓடாது. இதை ஏன் ஒருவரும் எழுதவில்லை? எங்கள் சின்னம்மாவுக்கு நடுச்சாமத்தில் பிள்ளைவலி கண்டது. மருத்துவிச்சி வந்து பார்த்துவிட்டு இது என்னால் ஏலாது, கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டா. மாரிகாலம், ஆறு நிறைந்து கிடக்குது. சித்தப்பா மீன்பிடிக்கிற தோணியொன்றைக் கேட்டு வாங்கி, பாயை விரித்து, சின்னம்மாவைக் கிடத்தி, இரண்டு பேர் கம்பு ஊன்ற, எங்கள் அம்மா லாம்பைப் பிடித்துக்கொண்டு போனா. பாதி ஆற்றில் பிள்ளை பிறந்துவிட்டது. தோணிக்குள் தண்ணீர், மேலே மழை, அம்மா தன் சீலையைக் கிழித்துப் பிள்ளையைச் சுற்றியிருக்கிறா. இரண்டு உயிரும் தப்பினது அந்தக் கொக்கட்டிச்சோலையான் புண்ணியம். பிள்ளைக்கு நல்ல பெயர் ஒன்று வைத்தார்கள், ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. ஊருக்கு அவன் தோணியான். இப்போது ஆட்டோ ஓடுறான், நாளுக்குப் பத்துத் தரம் அந்தப் பாலத்தால் போய் வாறான். அவனிடம் போய்ப் பாதைக்காலம் எவ்வளவு நல்லது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள் அண்ண.

இன்னொன்று. கிண்ணை மரம், அத்தாங்கு, வாடி, கவண். எல்லாம் பொடியன்மாருடைய ஞாபகம். நாங்கள் பெரியபிள்ளையாகும் வரைக்கும்தான் ஆற்றங்கரை. அதற்குப் பிறகு கிணற்றடி, குசினி, வேலிக்குள் இருந்து எட்டிப் பார்க்கிறது. உங்களுக்குப் பள்ளிக்கூடம் போகாமல் குருவி விரட்டினது விளையாட்டு. எனக்குத் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றது, அந்த வருடப் பாடம் போனது போனதுதான்.

சரி, ஏச வந்தவள் மாதிரி எழுதிவிட்டேன். எனக்கும் நல்ல ஞாபகம் இருக்குது. பாய் இழைக்கிற பன் என்கிற புல்லைப் பிடுங்கப் போவது. குளத்துக்குள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பன்னை அடியோடு இழுத்து, கட்டுக் கட்டாகத் தலையில் வைத்துக்கொண்டு வருவோம், பெண்கள் மட்டும். போகிற வழியில் கதைக்கிற கதை வீட்டில் கதைக்க ஏலாது. காயவைத்து, சிவப்புச் சாயம் போட்டு, பெத்தா பாய் இழைக்க இருந்தால் நாங்கள் சுற்றி இருப்போம். ஒரு ஓரம் எனக்குத் தருவா. நான் இழைத்த இடம் மட்டும் கோணலாக இருக்கும், அதை அவிழ்க்காமல் அப்படியே விட்டு, விற்காமல் வீட்டுக்கு வைத்துக்கொள்ளுவா. புதுப் பன்பாயின் வாசம் எனக்கு இன்றைக்கும் பெத்தாதான்.


எழுவான்கரை வாத்தியார்

தங்கச்சி சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இழை தொடங்கினவர் எழுதியது பாலத்தைப் பற்றி இல்லை என்று நினைக்கிறேன். ஆளை ஆள் விசாரிக்கிற நேரம் இருந்தது, அது போய்விட்டது, அதைத்தான் சொல்லுகிறார்.


பாவற்கொடி

வாத்தியார், விசாரிக்கிற நேரம் இப்போதும் இருக்கு. வாட்சப்பில் எங்கள் குடி ஆட்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், வந்து பாருங்கள், பெத்தா தோற்றுப்போவா.


செங்கலடி ஐயா

எனக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது, எனவே உங்களை விடக் கொஞ்சம் முந்தின கதை.

எங்கள் பக்கத்தில் வயதைக் கணக்குப் பார்ப்பது வருடத்தை வைத்து இல்லை. எங்கள் பெத்தப்பா 57ஆம் ஆண்டு வெள்ளத்துக்கு முந்தி, பிந்தி என்றுதான் சொல்லுவார். நாங்கள் 78 சூறாவளி. எங்களுக்குப் பிறகு வந்ததுகள் 2004 சுனாமி. நவம்பர் 23, 1978. அன்றைக்கு நான் சின்னப் பொடியன். பின்னேரமே வானம் ஒரு மாதிரி இருந்தது. இரவு காற்று எடுத்தது. கிடுகுக் கூரை முதலில் போனது, பிறகு மரம் முறிகிற சத்தம், துவக்கு வெடிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக. அப்பா எங்களை எல்லாம் நெல்லுப் பெட்டகத்துக்குப் பக்கத்தில் குந்தவைத்து மேலே பாயையும் கட்டிலையும் போட்டார். நடுவில் காற்று அப்படியே நின்றது. முடிந்துவிட்டது என்று அப்பா வெளியே போக எழும்பினார், பெத்தா விடவில்லை, "பொறு, அது திரும்பி வரும்" என்றா. மற்றப் பக்கத்தால் வந்தது, முந்தினதை விட மோசம்.

விடிந்து பார்த்தால் ஊருக்கு ஊர் தெரிகிறது. அதுவரைக்கும் தென்னை மறைத்துக்கொண்டு இருந்தது. ஒரு வளவிலும் தென்னை இல்லை, எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடக்குது. பெரியவர்கள் தலையில் கை வைத்து அழுதுகொண்டு இருந்தார்கள், ஒவ்வொரு தென்னையும் ஒரு குடும்பத்தின் வருமானம், திரும்ப வளர்ந்து காய்க்க எத்தனை வருடம்.

எங்களுக்கு, சொல்ல வெட்கம்தான், பெருநாள். விழுந்த தென்னையின் உச்சியை வெட்டினால் உள்ளே வெள்ளையாகக் குருத்து இருக்கும். சாதாரண நாளில் ஒருவரும் அதைத் தின்ன மாட்டார்கள், தின்ன வேண்டுமென்றால் மரத்தைக் கொல்ல வேண்டும். இப்போது ஊர் முழுக்கக் கிடக்குது. கத்தியோடு வளவு வளவாகப் போய் வெட்டித் தின்றோம். இனிப்பும் இல்லை, சப்பும் இல்லை, வாய்க்குள் நறுக்கென்று இருக்கும், மெல்ல மெல்லக் கொஞ்சம் பால்வாசம் வரும். சோறு கிடைக்காத நாட்கள் அவை, வயிறு நிறையக் குருத்து. பிறகு வயிற்றுவலி, அதுவும் ஊருக்கே. பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை, கன காலம் மரத்தடியில் படித்தோம். மரமும் எல்லாம் விழுந்துவிட்டது, தப்பின ஒரு வேப்பமரத்தடியில் மூன்று வகுப்பு.

பாவற்கொடி மகள் சொல்லுவது எனக்கு விளங்குது. அந்த நாட்களில் எங்கள் அம்மா எப்படிச் சமாளித்தா என்று எனக்குத் தெரியாது, நான் குருத்துத் தின்றுகொண்டு இருந்தேன்.


பனங்காட்டுப் பேத்தி

நான் அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் பனங்காடு. 2000க்குப் பிறகு பிறந்தவள், இங்கே எல்லோரையும் விடச் சின்ன ஆள் போல. ஒன்று கேட்கட்டுமா? இப்போதையப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லுகிறீர்களே, எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லையே.

எங்களுக்குத் தம்பிலுவில் கண்ணகை அம்மன் குளிர்த்தி, அதாவது அம்மனைக் குளிரவைக்கிற சடங்கு, இருக்கு, வைகாசியில். விடிய விடிய முழித்திருந்து, குளிர்த்தி பாடுகிற நேரம் சனம் எல்லாம் ஒரே சத்தமாக எழும்பும், கை மயிர் நட்டுக்கொள்ளும். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் வந்து நிற்பார்கள். உகந்தை முருகன் கோயிலுக்குப் போகிறோம், அங்கிருந்து காட்டுவழியால் கதிர்காமத்துக்கு நடந்து போகிற கூட்டத்தோடு எங்கள் மாமாவும் போனார், அடுத்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார். வருடப்பிறப்புக்கு முட்டி உடைக்கிறது, வழுக்குமரம், போர்த்தேங்காய், எல்லாம் நடக்குது. விளையாட்டுக் கழகப் பொடியன்மார் லைவ் போடுறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பாலைப்பழம் பற்றி ஒருவரும் எழுதாதது ஏன்? எனக்குத் தெரிந்த கிராமத்து ஞாபகம் அதுதான். அம்மம்மா வீட்டுக்கு யாராவது காட்டுப்பக்கம் போய் வந்தால் தூக்குச்சட்டியில் கொண்டுவருவார்கள்.


சம்மாந்துறைக் காக்கா

மகள், கேட்டது சரி. பாலைப்பழத்தை எப்படி மறந்தோம்! மஞ்சளாக, விரல்நுனி அளவு, அப்படி ஒரு இனிப்பு. கோடையில் வரும். எங்களுக்குக் காட்டோரத்து வட்டைக்குப் போனால் கிடைக்கும், மரத்தில் ஏற ஏலாது, உயரம், குரங்கு குலுக்கி விழுத்தினதைத்தான் பொறுக்குவோம். தின்றால் பால் உதட்டில் ஒட்டி, வாயைத் திறக்க ஏலாமல் போகும். தேங்காய் எண்ணெய் பூசினால் விடும். எண்ணெய்ப் போத்தலை எடுத்தால் உம்மாவுக்குத் தெரிந்துவிடும், எடுக்காவிட்டால் வாய் ஒட்டினதைப் பார்த்துத் தெரிந்துவிடும். காட்டுக்குப் போனதற்கு எப்படியும் அடி நிச்சயம். வீரை, சூரை, நாவல், உலுவிந்தை, விளா, எல்லாம் தின்றோம், ஒன்றுக்கும் காசு கொடுத்த ஞாபகம் இல்லை. இப்போது கல்முனைச் சந்தியில் பாலைப்பழம் சுண்டுக் கணக்கில் விற்கிறார்கள்.


ஸ்காபறோ மச்சான்

ஊரை விட்டுக் கனடாவுக்கு வந்து காலம் போய்விட்டது, இந்த இழையை வேலைக்குப் போகிற பஸ்ஸில் வாசித்து இறங்குகிற இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

எங்களுக்கு மாட்டுப்பட்டி இருந்தது, கரடியனாற்றுப் பக்கம். மாரி வேளாண்மை விதைக்கிற காலம் வந்தால் ஊருக்குள் மாடு வைத்திருக்க ஏலாது, பயிரை அழித்துவிடும், காட்டுப்பக்கம் மேய்ச்சல்தரைக்குச் சாய்க்க வேண்டும். மாதவணை, மயிலத்தமடு அந்தப் பக்கம். லீவு என்றால் நானும் பட்டிக்குப் போவேன். குறிசுடுகிற நாள்தான் விசேசம். இரும்பை நெருப்பில் பழுக்கவைத்து, கன்றைப் பிடித்து விழுத்தி, தொடையில் குடிக்குறி போடுவார்கள், எந்தக் குடியின் மாடு என்று பார்த்தவுடன் தெரியும். மயிர் கருகுகிற மணம், கன்று கத்துகிற சத்தம், தாய்மாடு கட்டையை முறித்துக்கொண்டு வரப் பார்க்கும். எனக்குப் பயம், ஆனால் பயப்படுகிறேன் என்று காட்டக்கூடாது, ஏனென்றால் மாமாவுடைய மகளும் வந்திருப்பாள். அவளுக்குப் பயம் கிடையாது. கன்றின் காலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். இப்போது பக்கத்தில் இருந்து இதை வாசித்துவிட்டு அதே சிரிப்புச் சிரிக்கிறாள்.

எருமைப்பால் காய்ச்சி ஆறவைத்து உறை குத்தி மண்சட்டியில் ஊற்றிவைத்தால் விடியத் தயிர். இங்கே கடைத் தயிரை வாங்கிச் சட்டியில் ஊற்றிப் பார்த்தேன். சட்டிதான் நல்லாயிருந்தது.


படுவான்கரையான்

எல்லோரும் நல்லாய் எழுதுகிறீர்கள். பாவற்கொடி, தோணியான் எனக்குத் தெரிந்த ஆள், அவன் ஆட்டோவில் போயிருக்கிறேன், பெயருக்குப் பின்னால் இப்படிக் கதை இருக்குதென்று எனக்குத் தெரியாது. இரவு ஓடாததைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை.

பேத்தி குளிர்த்தியைச் சொன்னதும் எனக்குக் கூத்து ஞாபகம் வந்துவிட்டது. இதை எழுதாமல் விட்டால் படுவான்கரையில் பிறந்தேன் என்று சொல்லக்கூடாது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஆள் பார்த்துச் சட்டம் கொடுத்தால், அதாவது யார் யாருக்கு எந்தப் பாத்திரம் என்று கொப்பியைப் பிரித்துக் கொடுத்தால், அன்றைக்கு இரவிலிருந்து ஊரின் நித்திரை போனது. மாதக் கணக்கில் பழக்கம். பகலில் வயலில் நிற்கிறவர்கள் இரவில் காலடி பழகுவார்கள். வரம்பில் நடக்கிற நேரமும் வாய் தாளக்கட்டு சொல்லிக்கொண்டே இருக்கும், மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தருமரும் துரியோதனனும் ஒன்றாகத் தேத்தண்ணிக்குப் போவார்கள். சதங்கை கட்டுகிற நாளில் ஆடுகிறவனுக்குச் சொந்தக்காரர் எல்லாம் வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் அது கோபத்துக்குரிய விசயம்.

அரங்கேற்றத்துக்கு வட்டக்களரி போடுவார்கள், மண்ணைக் குவித்து உயர்த்தி, சுற்றிவரக் கம்பு நட்டு. நாங்கள் பொழுதுபடவே பாயைக் கொண்டுபோய் இடம் பிடிப்போம். மத்தளம் தொடங்கினதும் கண் சொருகிவிடும். அம்மா எழுப்புவா, "எழும்புகா, மாமா வாறார்." மாமா வடமோடிக் கூத்தில் ராசா. கரப்புடுப்பு உடுத்து, முடி வைத்து, முகத்துக்கு அரிதாரம் பூசி, வட்டம் சுற்றி வருவார். காலையில் எங்கள் வீட்டில் பழஞ்சோறு தின்றுவிட்டுப் போன அதே மாமா. சபையில் எனக்கு அவரைக் கூப்பிடவே பயம். விடியக் களரியால் இறங்கி, முகத்தில் பாதிப் பூச்சோடு வந்து, "எப்படிகா மருமகன் ஆட்டம்?" என்று கேட்டார். நான் நித்திரை கொண்டதை அவர் களரியில் நின்று பார்த்திருக்கிறார்.


பாவற்கொடி

கூத்து என்றால் நான் ஒன்று சொல்லட்டுமா அண்ண. பெண் வேசத்தையும் ஆண்கள்தான் ஆடினார்கள், எங்களுக்குக் களரியில் இடம் கிடையாது. ஆனால் பழகுகிற மாதம் முழுக்க வேலிக்குப் பின்னால் இருந்து கேட்டுக் கேட்டுப் பாட்டு முழுக்க எங்களுக்குத்தான் பாடம். அரங்கேற்றத்தில் ஒரு ராசா அடியை மறந்து நின்றுவிட்டார், பிற்பாட்டுக்காரரும் தடுமாற, பாயில் இருந்த எங்கள் பெரியம்மா அடுத்த அடியைச் சத்தமாக எடுத்துக் கொடுத்தா. சபையே திரும்பிப் பார்த்தது. அண்ணாவியாருக்கு முகம் கறுத்துவிட்டது. பெரியம்மா ஒன்றும் நடக்காத மாதிரி வெற்றிலை மடித்துக்கொண்டு இருந்தா. உங்கள் மாமாவா அந்த ராசா என்று கேட்க மாட்டேன்.


படுவான்கரையான்

கேட்காமல் இருப்பதே நல்லது.


எழுவான்கரை வாத்தியார்

ஹா ஹா. கேட்டுவிட்டா.


பனங்காட்டுப் பேத்தி

சம்மாந்துறை மாமாவிடம் ஒரு கேள்வி. அந்தக் கவிகள் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு ஒப்படைக்கு வாய்மொழிப் பாட்டுச் சேர்க்க வேண்டும், நான் அம்மம்மாவிடம் தாலாட்டு மட்டும்தான் எடுத்தேன். வாடியில் பாடினது உங்களுக்கு ஏதும் ஞாபகம் இருக்கா?


சம்மாந்துறைக் காக்கா

எனக்கு அரைகுறை மகள். ஆனால் வாப்பாவுடைய தம்பி, எங்கள் சாச்சா, இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, காலையில் சாப்பிட்டது ஞாபகம் இருக்காது, கவி மட்டும் தொடங்கினால் நிற்காது. அஸர் தொழுதுவிட்டு வாசலில் இருக்கிற நேரம் பிடித்தால் பாடுவார். வருகிற வெள்ளிக்கிழமை போய்ப் போனில் பதிந்து அனுப்புகிறேன். ஒரு விசயம், சிலது பெண்பிள்ளைகள் கேட்கிற மாதிரி இருக்காது, மாமியும் மருமகனும் கொடுத்துக்கொள்ளுகிற கவி, குமரிக்குக் கொடுக்கிற கவி. அதுகளை வெட்டிவிட்டு மற்றதை அனுப்புகிறேன்.


பாவற்கொடி

ஒன்றையும் வெட்டாதீர்கள் காக்கா. அப்படியே அனுப்புங்கள். வேலிக்குப் பின்னால் இருந்து அதையெல்லாம் நாங்கள் அப்போதே கேட்டுவிட்டோம், எங்கள் பெரியம்மாவிடம் பதில் கவியும் இருக்கு.